பெயர் எங்கிருந்து வந்தது, பழமொழி எங்கிருந்து வந்தது: கார்டுக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கல்யாணக் கார்டு அச்சடிக்கும் சின்னக் கடை என்னுடையது. பெயரில் பிழை வந்துவிடக் கூடாது என்று வீட்டார் ஐசியை (அடையாள அட்டையை) எல்லாம் வாங்கிக் கவுண்டரில் வரிசையாக வைத்துக்கொள்வேன். அப்போது ஆரம்பிக்கும் பேச்சு. புரூஃப் வரும்வரை அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. வருஷக்கணக்காக ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாய் வலித்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாதா?

பெரும்பாலும் கிடையாது. பக்கத்துக் கடைச் சீனர் டான் என்றால் அவருடைய கொள்ளுத்தாத்தாவும் டான். நமக்கு அப்பா பெயர்தான் அடையாளம். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்றுதான் ஆட்களைக் குறிப்பிடுகிறார்கள். நம் இனிஷியல் அதன் சுருக்கம்.

பிள்ளை, நாயுடு, முதலியார் என்பவை சாதிப் பட்டங்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் இந்தப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பெரியார் கப்பலேறி வந்து இறங்கியது இதே பினாங்கில்தான். இங்கே சில குடும்பங்களில் தாத்தா பெயரோடு பட்டம் இருக்கும், அப்பா பெயரில் இருக்காது. கார்டில் பட்டம் போடுவதா வேண்டாமா என்று என் கடையில் நடந்த சண்டைகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஐசியில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று இருக்கிறதே, அது என்ன?

அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். மலாயில் மகன், மகள். பழைய பிறப்புப் பத்திரங்களில் இதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ இருக்கும். சிங்கப்பூரில் இன்றும் அப்படித்தான். தமிழ்க் கார்டில் நான் த/பெ என்று போடுகிறேன்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது இந்தச் சாய்கோடு படுத்தும் பாடு தனி. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற வரியில் எழுத்துக்கு இடமுண்டு, சாய்கோட்டுக்கு இல்லை. படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் வந்தால் நம் பிள்ளைகள் அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். அப்புறம் அங்கே நாலு வருஷமும் அவர்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். என் அக்கா மகன் முதல் நாள் வகுப்பில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தானாம். ஏனென்றால் வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்கிறவர் பாட்டி மட்டும்தான், அதுவும் கோபம் வந்தால்.

இரண்டு இனிஷியல் இருந்தால் ஒன்று அப்பா, ஒன்று தாத்தாவா?

எப்போதும் அப்படி இல்லை. துன் வீ. தி. சம்பந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. ‘வீ’ அப்பா வீராசாமி. ‘தி’ தாத்தா என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவருடைய முழுப் பெயர் திருஞானசம்பந்தன். சொந்தப் பெயரின் தலையே இனிஷியலாகப் பிரிந்து நிற்கிறது. கார்டில் இதை விரித்து எழுதச் சொன்னால் கவனம் தேவை, இல்லாத தாத்தா ஒருவரை உண்டாக்கிவிடுவோம்.

செட்டியார்களுக்கு மட்டும் ஏன் இனிஷியல் அவ்வளவு நீளம்? ‘ஆர்எம்’, ‘பிஎல்’ என்று இரட்டை எழுத்து வேறு?

நகரத்தார் அதை விலாசம் என்பார்கள். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று வரிசையாக வரும். கடல் கடந்து வட்டித்தொழில் செய்த காலத்தில் அதுவே கடையின் பெயர், கணக்குப் பேரேட்டின் பெயர், நாணயத்தின் பெயர். ஒரே ஊரில் பத்து ராமநாதன் இருந்தால் கடன் கொடுத்தவன் எந்த ராமநாதன் என்று விலாசம்தான் சொல்லும்.

இரட்டை எழுத்துக்குக் காரணம் தமிழ். இராமநாதனைத் தமிழில் ‘இராம.’ என்று சுருக்குவார்கள், பழனியப்பனைப் ‘பழ.’ என்று, அருணாசலத்தை ‘அரு.’ என்று. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒற்றை எழுத்து போதாமல் ‘ஆர்எம்’, ‘பிஎல்’, ‘ஏஆர்’ ஆனது. இனிஷியலிலேயே தமிழ் ஒலி ஒளிந்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பினாங்குத் தெருவில் அவர்கள் தங்கித் தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, சாய்மேசை. மலாயின் ‘குடாங்’, ஆங்கிலத்தின் ‘கொடவுன்’ எல்லாம் இந்தச் சொல்லின் உறவுதான்.

தண்ணீர்மலை என்று ஒரு பெரியவருக்குப் பெயர். அது மனிதர் பெயரா?

நம்ம ஊர்க் கோயில் பெயர். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் போய்ச் சேருகிற அருவிப் பக்கத்து மலைதான் தண்ணீர்மலை. பினாங்கில் தொழில் செய்த செட்டியார்கள் அந்த முருகனின் பெயரைச் செட்டிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வைத்தார்கள். பழனி என்று பெயர் வைத்து இங்கே வந்தவர்கள் ஆயிரம் பேர். இங்கிருந்து பெயர் அங்கே போனது அபூர்வம்.

அண்ணன் ஐசியில் அப்பா பெயர் ஒரு மாதிரி, தங்கை ஐசியில் வேறு மாதிரி. எது சரி?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. மூன்று பிள்ளைகள், மூன்று ஐசி, ஒரே அப்பா லெட்சுமணன். பெரியவனுக்கு ‘டி சி எச்’ போட்டு எழுதியிருந்தது. இரண்டாமவளுக்கு ‘டி’ காணோம். கடைசிப் பையனுக்கு ‘லெ’ மாறி ‘ல’ ஆகிவிட்டது. மூன்றையும் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “மூணு புருஷன் கட்டினாப்ல இருக்கு” என்றார்.

பிறந்த சேதியைச் சொல்லப் போனவர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஆங்கில எழுத்து தெரியாது. எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதினார். அந்த நாளில் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருப்பார். பதிவு மேசையில் இன்னொருவர். ‘சின்னசாமி’யை ஒருவர் ‘எஸ்’ஸில் தொடங்குவார், ஒருவர் ‘சி’யில். எழுதியதைப் படித்துச் சரிபார்க்க அப்பாவால் முடியாது. கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்கு ஓடியிருப்பார்.

இந்த லெட்சுமி, லெட்சுமணனை மட்டும் பிழை என்று சொல்ல மாட்டேன். வடமொழி ‘க்ஷ’ தமிழில் ‘ட்ச’ ஆகிறது. நம் வாயில் ‘ல’ கொஞ்சம் ‘லெ’ ஆகும். அதை அப்படியே ஆங்கில எழுத்தில் இறக்கினால் மலேசிய லெட்சுமி கிடைக்கிறாள். தமிழ்நாட்டில் ‘கே எஸ் எச்’ போட்டு வடமொழிப்படி எழுதுகிறார்கள். பேசுகிறபடி எழுதியது நாம்தான். உலகத்தில் எந்த மூலையில் அந்த ‘டி சி எச்’சைப் பார்த்தாலும் இவர் பெரும்பாலும் கப்பலேறிப் போன குடும்பத்தவர் என்று சொல்லலாம்.

கார்டு விஷயத்தில் என் வழி இது: ஆங்கிலப் பக்கம் அவரவர் ஐசிப்படி, தமிழ்ப் பக்கம் எல்லாருக்கும் ஒரே அப்பா.

என் அப்பா பெயர் குப்புசாமி. ஆபீஸில் அர்த்தம் கேட்டால் கூச்சமாக இருக்கிறது. மாற்றிப் போடலாமா?

ஒரு பெண் இதைக் கேட்டபோது நான் மிஷினை நிறுத்திவிட்டேன். குப்பன், குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை எல்லாம் ஒரே கதை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, இது எங்களுக்கு வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது என்று எமனுக்குக் கேட்கும்படி பெயர் வைப்பார்கள். பிச்சை என்றால் சாமியிடம் கேட்டு வாங்கியது. முஸ்லிம்களிடமும் இந்தப் பெயர் உண்டு, பிச்சை மைதீன் மாதிரி. உயிரோடு இருந்தால் போதும் என்று வைத்த பெயர் அம்மா அது. உங்கள் அப்பாவுக்கு முன்னால் எத்தனை குழந்தைகளை உங்கள் பாட்டி புதைத்தாரோ.

அந்தப் பெண் கார்டில் பெயரை மாற்றவில்லை.

முனியாண்டி, பாவாடை என்ற பெயர்களும் கேலிக்கு ஆளாகின்றன. முனியாண்டி ஊர்க்காவல் சாமி. பாவாடைக்குப் பின்னால் இருப்பவர் அங்காளம்மனின் காவல்தெய்வம் பாவாடைராயன். உடுத்துகிற பாவாடை என்று சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

‘மெரிக்கன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அமெரிக்கா போய் வந்தவர்களா?

மரைக்காயர்தான் ஆங்கில எழுத்தில் மெரிக்கன் ஆகிவிட்டது. மரக்கலம் ஓட்டி வாணிகம் செய்த தமிழ் முஸ்லிம்கள். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் பக்கத்திலிருந்து பினாங்கு வந்த பழங்குடும்பங்கள் பலவற்றில் இந்தப் பெயர் உண்டு. இராவுத்தர் என்பவர் குதிரைக்காரர். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே இராவுத்தனே என்று கூப்பிட்டிருக்கிறார்.

மாமாக் என்ற சொல்?

தமிழ் முஸ்லிம்களையும் அவர்களுடைய சாப்பாட்டுக் கடையையும் இங்கே மாமாக் என்பார்கள். அது நம் மாமாதான். மலாயில் உறவுச் சொல் பலவும் ‘க்’கில் முடியும்: ஏமாக் (அம்மா), பாப்பாக் (அப்பா), காக்காக் (அக்கா). அந்த வரிசையில் நம் மாமாவும் மாமாக் ஆகிவிட்டார். மினாங்கபாவ் மக்களிடம் தாய்மாமனுக்கு மாமாக் என்ற சொல் முன்பே இருந்ததால் காதுக்கு அந்நியமாகப் படவில்லை. அந்தக் கடைச் சோறான நாசி கண்டாரில் வரும் ‘கண்டார்’, கழியில் கட்டித் தோளில் சுமப்பது. துறைமுகத்தில் சோற்றுப் பானையை அப்படித்தான் காவடி போலத் தூக்கி விற்றார்கள்.

இங்கத்துப் பரோட்டாவான ரொட்டி சானாயின் பெயர் சென்னையிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அந்த நகரம் 1996 வரை அரசாங்கப் பெயரில் மெட்ராஸ். சென்னப்பட்டணம் என்ற வழக்கு இருந்தது உண்மைதான், ஆனால் கப்பலேறி வந்தவர்கள் வாயில் இருந்தது பட்டணமோ மதராசோ. மலாயில் ‘சானாய்’ என்றால் தேய்ப்பது, மாவை விரிப்பது. மாவு தட்டுகிற கையைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது.

‘கிளிங்’ என்பது கைதிகளின் சங்கிலிச் சத்தமா?

நம்மவரைக் குறிக்கும் ‘கிளிங்’, ‘கெலிங்’ என்ற சொல்லுக்கு எல்லாரும் சொல்கிற கதை, ஆனால் காலக் கணக்கு இடிக்கிறது. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786. இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்தது அதற்கும் பிறகு. மலாக்காவைப் போர்த்துக்கீசியர் பிடித்தது 1511. அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்து எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ் இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார், அதுவும் பணக்கார வணிகர்களைப் பற்றி. மலாய் வரலாறான செஜாரா மெலாயுவிலும் கெலிங் நாடு வருகிறது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயர் சுருங்கிக் கடலோரத் தென்னாட்டார் எல்லாரையும் குறித்தது. 1801-ல் காதர் முகைதீன் கட்டத் தொடங்கிய பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கெலிங் (கெலிங்காரர்களின் தலைவர்) என்று பெயர் வந்தபோது அதில் இழிவு இல்லை.

இன்று அது வசவு. பிறந்தபோது வசவு இல்லை என்பதற்காக யாரும் நம் முகத்துக்கு நேரே சொல்ல உரிமை கிடைத்துவிடாது.

பத்துமலையில் பத்து மலை இருக்கிறதா?

‘பத்து’ மலாயில் கல். பக்கத்தில் ஓடும் சுங்கை பத்து என்ற ஆற்றின் பெயர் குகைக்கும் வந்தது. தம்புசாமிப் பிள்ளை 1890-ல் அங்கே முருகன் சிலையை வைத்தார், தைப்பூசம் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. முருகனுக்கு இது பத்தாவது மலை என்று கணக்குப் பிள்ளை மாதிரி எண்ணிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் வந்த பிறகு பிறந்த கணக்கு அது. மலாயில் மைல்கல்லும் பத்துதான், நாம் கட்டை என்போம். ‘தீகா’ என்றால் மூன்று. ஆக ‘பத்து தீகா’வை (மூன்றாம் கட்டையை) யாரும் முப்பது மலை என்று எண்ணவில்லை, நல்லவேளை.

பினாங்கு என்றால் பாக்கு என்கிறார்களே?

ஆமாம், பீனாங் என்றால் பாக்கு. மலாயில் பெண் கேட்பதற்கே ‘மெமீனாங்’ என்று சொல். பாக்குத் தட்டு நீட்டுவதிலிருந்து வந்தது. நமக்கு நிச்சயதாம்பூலம். கல்யாணக் கார்டுக் கடை வைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா?

“பதினாறும் பெற்று” என்று கார்டில் போட்டால் மாப்பிள்ளை பயப்படுகிறார்.

பதினாறு பிள்ளை இல்லை, பதினாறு பேறு. அபிராமி பட்டர் கலையாத கல்வி, குறையாத வயது, கபடு வாராத நட்பு என்று அடுக்கிக்கொண்டே போவார். தவறாத சந்தானம் அதில் ஒன்று மட்டும். கூடவே நோயில்லாத உடம்பும் தொலையாத நிதியும் இருப்பதால் மாப்பிள்ளைக்கு நஷ்டமில்லை.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” உண்மையில் “கழு தைக்க” தானாமே?

வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வருகிறது. கழு என்ற கோரையில் பாய் தைத்தால் கற்பூர மணம் வரும், நாம்தான் கழுதையாக்கிவிட்டோம் என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெலுங்கு பேசுகிற என் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? “காடிதகேம் தெலுசு கந்தபு வாசன.” காடித என்றால் கழுதை, வாசனை சந்தன வாசனை. கன்னடத்தில் “கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள.” அங்கேயும் கழுதைதான், கஸ்தூரி மணம். கழுவும் இல்லை, தைக்கவும் இல்லை. தமிழிலேயே “கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை” என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. அதில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள், பாய் வராது. இந்திக்காரர்கள் குரங்குக்கு இஞ்சி ருசி தெரியுமா என்பார்கள். அருமை தெரியாதவனை மிருகத்தோடு ஒப்பிடுவது ஊர் ஊராக இருக்கிற பழக்கம்.

“சட்டியில் இருந்தால்” என்பதைச் சஷ்டி விரதமாக்கி, அகப்பையைக் கருப்பையாக்கியதும் இதே வேலைதான். அகப்பை என்றால் கொட்டாங்கச்சியில் காம்பு செருகிய கரண்டி. என் பாட்டி அதைக் காட்டித்தான் இந்தப் பழமொழியைச் சொன்னார், சட்டியில் குழம்பு இல்லாத ஒரு நாளில். மண் குதிரையையும் விட்டுவைக்கவில்லை, மண் குதிர் என்கிறார்கள். ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் மண் குதிரையை ஒருதரம் பார்த்தவருக்கு, அதன் மேல் ஏறி ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் பழைய அச்சுத் தொகுப்புகளைப் புரட்டுங்கள். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1874-லேயே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டிருக்கிறார்.

மலாய்ப் பழமொழியும் நம்முடையதும் ஒன்றாக இருக்கிறதே, யார் யாரிடம் வாங்கியது?

சொற்களை அவர்கள் நம்மிடம் வாங்கியது தெளிவு. கடை ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, கட்டில் ‘காத்தில்’, முதல் ‘மோடால்’, மாம்பழம் ‘மெம்பெலாம்’. பெரும்பாலும் கடைக்கும் கப்பலுக்கும் சம்பந்தப்பட்டவை. அவர்களுடைய கம்போங்கை (கிராமத்தை) நாம் வாங்கிக் கம்பம் ஆக்கிக்கொண்டோம்.

பழமொழி அப்படி இல்லை. நமக்குக் கிணற்றுத் தவளை, அவர்களுக்குக் கொட்டாங்கச்சிக்கு அடியில் தவளை. மரத்திலிருந்து விழுந்தவனை நம்மிடம் மாடு மிதிக்கும்; அவர்களிடம் விழுந்தவன் மேல் ஏணி சாயும். அவரவர் வீட்டு வாசலில் எது இருந்ததோ அது வந்திருக்கிறது.

பணத்தை ஏன் வெள்ளி என்கிறோம்?

முன்பு புழங்கியது வெள்ளி நாணயம், அதனால். மலாய் ‘ரிங்கிட்’ என்றால் பல் பல்லாக இருப்பது. ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். அவர்கள் ஓரத்தைப் பார்த்தார்கள், நாம் உலோகத்தைப் பார்த்தோம்.

கங்காணி, லயம், பெரட்டு என்ற தோட்டத்துச் சொற்கள்?

கண்காணிக்கிறவன் கங்காணி. வரிசை வீட்டின் ‘லைன்’ லயம் ஆனது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் ‘பரேட்’ பெரட்டு ஆனது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938-ல் நின்றது; சொல் நிற்கவில்லை, கண்டிப்பான மாமனாரை இன்றும் கங்காணி என்றுதான் மருமகள்கள் சொல்கிறார்கள்.

தாத்தாவின் சரியான பெயரும் ஊரும் எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாப் பத்திரத்திலும் வேறு வேறாக இருக்கிறது.

பத்திரத்தை ஓரமாக வையுங்கள். அடுப்பங்கரைப் பரணில் பழைய பித்தளைக் குடம், செம்பு, தாம்பாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நாளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்கு வராது. சீர் கொடுத்தவர் பெயர் இருக்கும், சில சமயம் ஊரும் இருக்கும். உளியால் புள்ளி புள்ளியாகத் தமிழிலேயே வெட்டியிருப்பார்கள், சொன்னவரும் தமிழ் வெட்டியவரும் தமிழ்.

மேலே சொன்ன லெட்சுமணன் குடும்பத்து அம்மா இரண்டாம் முறை வந்தபோது ஒரு செம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்துக் கழுத்துப் பக்கம் மட்டும் பளபளத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். ‘மு. லெட்சுமணன்’ என்று ஆறேழு எழுத்து, கடைசி ‘ன்’னுக்குப் புள்ளி வைக்க இடம் போதாமல் விளிம்பில் ஏறியிருந்தது. ‘மு’ யார் என்று அந்த அம்மாவுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது: மாமனார் முத்துக்கருப்பன். எந்த ஐசியிலும் அவர் இல்லை. தமிழ்ப் பக்கத்தில் ‘மு’வையும் சேர்த்து அச்சடித்தேன், முந்நூறு கார்டு.